ஒரு நாவல் முறித்ததாகச் சொல்லப்பட்ட நட்பு

எய்க்ஸ் நகரப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிய நட்பு அது. 1878இல் ஓவியர் செஸானுக்குத் தந்தை பணத்தைக் குறைத்தபோது, அவருடைய துணைவிக்கு மாதம் 60 பிராங்க் அனுப்பி உதவியவர் நாவலாசிரியர் எமில் ஸோலா.

1886இல் ஸோலாவின் ‘லெவ்ர்’ (படைப்பு) நூலாக வந்தது. அதன் ஓவியன் க்ளோத் லாந்தியே, முடிக்கவியலாத தன் ஓவியத்தின் முன் தூக்கிட்டு மாள்கிறான். அவனை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பும் எழுத்தாளன் சாந்தோஸ் ஏறத்தாழ ஸோலாவேதான். லாந்தியேயில் மானேயின் சாயலும் உண்டு. ஆயினும் வாசகர்கள் செஸானையே கண்டனர். தோற்றுப்போன கலைஞனாக நண்பனைச் சித்திரிப்பது கொடுமையன்றோ!

அவ்வாண்டு ஏப்ரல் 4 அன்று செஸான் நூலுக்கு நன்றி தெரிவித்துச் சுருக்கமாகக் கடிதம் எழுதினார். அதுவே கடைசிக் கடிதம், நாவல்தான் நட்பை முறித்தது என்று நெடுங்காலம் எழுதப்பட்டது. நாங்களும் அப்படியே நம்பியிருந்தோம். 2013இல் வெளிப்பட்ட இன்னொரு கடிதமோ 1887 நவம்பர் 28ஆம் தேதியிட்டது. ஸோலாவின் ‘லா தேர்’ நாவல் கிடைத்ததைச் சொல்லி, நேரில் வந்து பார்ப்பதாகவும் அதில் செஸான் எழுதியிருக்கிறார்.

ஆக, அந்நட்பு ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. புகழும் வசதியும் பெற்ற வீட்டிற்குச் செல்ல, ஏற்பு கிட்டாத ஓவியர் மெல்ல மெல்லத் தயங்கியிருக்கலாம் என்றே நினைக்கிறோம். 1902இல் ஸோலா இறந்த செய்தி கேட்டு அவர் அறையைப் பூட்டிக்கொண்டு அழுதார் என்று அவரை அறிந்தோர் பதிவு செய்துள்ளனர்.