பழகுதலும் பள்ளிவாயிலும்: வளரிளம் பருவ நட்பில் செல்வநிலை

நட்புக்குப் புணர்ச்சியும் பழகுதலும் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்பது வள்ளுவர் கருத்து. பரிமேலழகர் இதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுவார். அவ்விருவரும் முதிர்ந்த சான்றோர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வளரிளம் பருவத்தினர்க்கு நட்பு பெரிதும் பழகுதலிலேயே பிறக்கிறது; பழகும் களம் பள்ளி. அங்கு யார் அருகில் யார் அமர்வது என்பதைச் செல்வநிலை எவ்வாறு வரையறுத்து வந்துள்ளது என்பதை வட இந்தியச் சான்றுகள் சிலவற்றால் இக்கட்டுரை நோக்குகிறது.

1875இல் அஜ்மீரில் மேயோ கல்லூரி அரசகுடிச் சிறுவர்க்கெனத் திறக்கப்பட்டது. முதல் மாணவரான அல்வார் மன்னர் மங்கள் சிங், யானையும் பரிவாரமும் சூழ வந்து சேர்ந்தார். அல்வார், ஜெய்ப்பூர், ஜோத்பூர் முதலிய அரசுகள் தத்தம் மாணவர்க்குத் தனித்தனி விடுதிகள் எழுப்பின. ஏழைச் சிறுவன் ஒருவன் அவ்வளாகத்துள் நுழைந்திருப்பின், பணியாளனாகவே நுழைந்திருப்பான்.

விடுதலைக்குப்பின் இப்பிரிவினையை வெளிப்படையாகக் கண்டித்தது கோத்தாரி கல்விக் குழு (1964-66). ஒரு வட்டாரப் பிள்ளைகள் அனைவரும் அவ்வட்டாரப் பள்ளியிலேயே சேர்ந்து பயில வேண்டுமென அது பரிந்துரைத்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதியோடு குழு நின்றுவிடவில்லை. பிரித்து வளர்க்கப்படும் செல்வர் பிள்ளைகளின் கல்வியும் குறையுடையதே என்று கூறியது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பொதுப்பள்ளி முறையை ஏற்றது. ஏட்டளவில்தான்.

அக்குழு கூறியதற்குச் சான்று நாற்பதாண்டுகளுக்குப் பின்னரே கிட்டியது. 2007இல் தில்லியில், சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று. அதன் விளைவை ஆராய்ந்த பொருளியலறிஞர் கௌதம் ராவின் கட்டுரை 2019இல் வெளிவந்தது. தொடரோட்டத்திற்குத் துணைவரைத் தெரிவு செய்யுமாறு செல்வர் வீட்டுச் சிறுவரிடம் கூறப்பட்டது. ஏழை மாணவருடன் பயின்றவர்கள், விரைந்தோடும் ஏழைச் சிறுவனை ஒதுக்குவது குறைவாக இருந்தது. சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக்குழுக்கள் அமைந்திருந்தன. ஏழைத் தோழர் தம் குழுவில் வாய்த்தவரிடம் மனமாற்றம் நிகழ்ந்தது. பெயரின் முதலெழுத்து நட்புக்கு வழிகோலியது எனலாம்! வள்ளுவர் வேண்டாவென்ற பழகுதலே இங்குப் பயன் தந்துள்ளது.

ஆயின் அவ்வாய்வுக்குட்பட்டோர் பெரும்பாலும் தொடக்கப்பள்ளிச் சிறுவர். வளரிளம் பருவத்திற்கு இம்முடிவு பொருந்துமா என்பதைச் சோதிக்கவும் சட்டம் போதிய இடம் தரவில்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்குகிறது; 2012இல் உச்சநீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. எனினும் அச்சட்டம் தரும் கட்டணமில்லாக் கல்வி எட்டாம் வகுப்போடு முடிகிறது. மாநில அரசோ பள்ளியோ கைகொடுக்காவிடில், எட்டாண்டு ஒரே பலகையில் அமர்ந்த இருவருள் ஒருவன் பதினான்கு வயதில் வேறு பள்ளி தேடிச் செல்கிறான். மற்றவன் அதே வாயில் வழியாக ஒன்பதாம் வகுப்புக்குச் செல்கிறான்.