கையெழுத்திடும் முன்...

'உரிமை ஆசிரியருக்கு' என்று அச்சிட்டால்தான் நூலுக்கு உரிமை உண்டு எனப் பலர் கருதுகின்றனர். (சிலர் 'காப்புரிமை' என்றே அச்சிடுகின்றனர்; அது கண்டுபிடிப்புகளுக்குரியது.) 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆசிரியர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும்.

உரிமையை மாற்றித் தருவது வீட்டை விற்பது போன்றது; உரிமம் வழங்குவது வாடகைக்கு விடுவது. இரண்டும் எழுத்தில் அமைய வேண்டும். மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. என் பாடநூல் ஒன்றின் உரிமையை ஒரே வரியில் எழுதிக் கொடுத்த பேதைமையிலிருந்து என்னைக் காத்தது இந்த 5 ஆண்டு விதியே.

படைப்பு தடையின்றிப் பரவ விரும்புவோர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அளிக்கலாம். ஆனால், அளித்தபின் அதைத் திரும்பப் பெற இயலாது.