பின்னால வந்தவன யாரும் கேக்கல

தருமபுரி மாவட்டத்தில் சேரியிலோ மலையிலோ ஒரு பெண்பிள்ளை படிப்பை நிறுத்திய கதையைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். கையில் காசு இல்லை. பஸ் சரியில்லை. மூன்றாவது, 'காலம் கெட்டுக் கெடக்குது'. முதல் இரண்டும் அரசாங்கக் கணக்கில் ஏறும். மூன்றாவது ஏறாது. அதைக் கொஞ்சம் தோண்டிக் கேட்டால் உள்ளே ஒரு ஆள் நிற்பான். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரைக்கும், வாசலிலிருந்து விடுதி வரைக்கும் தினமும் பின்னால் வருகிறவன். பேர் தெரியும், ஊர் தெரியும், சாதி தெரியும். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். புள்ளையைத்தான் நிறுத்தியிருப்பார்கள்.

அவனைக் கேட்டிருக்கவேண்டிய பள்ளிக்கூடமும் விடுதியும் போலீஸ் ஸ்டேஷனும் எங்கள் மாவட்டத்தில் முப்பது வருசமாக என்ன செய்துகொண்டிருந்தன என்று எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. வரலாறு என்றால் அதியமான், ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி என்று பாடம் நடத்துகிற ஊர் இது. பொட்டப்புள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன பாதைக்கு இங்கே வரலாறு கிடையாது.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த ஆண்களின் தொல்லையில் கீழே விழுந்து அடிபட்டு இறந்துபோனார். நகரமே கொதித்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவசரச் சட்டம் வந்தது. அந்த வருசமே அது பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கும் சட்டமாகவும் ஆனது. அந்தப் பெண்ணுக்காக வந்த கோபம் நியாயமான கோபம், அதில் மாற்றுக் கருத்தில்லை. அந்தச் சட்டம் ஆளைப் பிடித்து உள்ளே போடுவதோடு நிற்கவில்லை. கல்வி நிறுவனத்துக்குள் இப்படி நடந்தால் அதன் பொறுப்பாளர் தடுக்கவேண்டும், போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. பஸ்ஸில் நடந்து பயணி புகார் சொன்னால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியைக் காவல் நிலையத்துக்கு ஓட்டிப்போக வேண்டும் என்றுகூட இருக்கிறது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பள்ளிக்கூட நேரத்து டவுன் பஸ்ஸில் போனவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். நான் ஏறின பஸ் எதுவும் அப்படி ஸ்டேஷனுக்குத் திரும்பியதில்லை. 'கொஞ்சம் தள்ளி நில்லும்மா' என்பதுதான் கண்டக்டரின் சட்டம்.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவள். 1994-ல் பத்தாவது. எங்கள் அறையில் மலையிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள், கணக்கில் கெட்டிக்காரி. ஊருக்குள்ளிருந்து ஒருத்தன் டி.வி.எஸ். பிப்டியில் அவள் பின்னாலேயே வருவான். முதலில் பாட்டுப் பாடினான். பிறகு வழி மறித்தான். பிறகு ஒரு நாள் சாயங்காலம் விடுதிச் சுவரோரம் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தான். நாங்கள் நாலு பேர் சேர்ந்து வார்டனம்மாவிடம் போய்ச் சொன்னோம். அந்தம்மா கேட்ட முதல் கேள்வி: 'அத்தன புள்ளைங்க போறீங்க, இவ பின்னால மட்டும் ஏன் வர்றான்?' இரண்டாவது கேள்வி கிடையாது. மறுவாரம் அவள் அப்பாவை வரச்சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். விடுதிக்குக் கெட்ட பேர் வரக்கூடாதாம். அவர் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார். தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். டி.வி.எஸ். பிப்டி அதே பாதையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விடுதியின் பேரையோ ஊரின் பேரையோ எழுதி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தக் காலத்தில் விடுதியில் படித்த பெண்களைக் கேளுங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள்.

அவள் அப்பா ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று படித்தவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் 1992-ல் இருக்கிறது. அந்த வருசம் ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் அது. ஆலமரத்தடியில் சனங்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள். அதிலிருந்து 18 பெண்களை ஏரிக்கரைப் பக்கம் இழுத்துப்போய் வன்புணர்ச்சி செய்தார்கள். பள்ளிக்கூடம் போகிற 13 வயதுச் சிறுமியும் அவர்களில் இருந்தாள். ராத்திரி அரூர் வனத்துறை அலுவலகம், அதன் பிறகு சேலம் சிறை. வீடுகளை இடித்தார்கள், தானியத்தைக் கொட்டி நாசம் செய்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். அரசுத் தரப்பு சம்பவத்தையே மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் வெளியே கொண்டுவந்து, உயர்நீதிமன்றம் தலையிட்டு, 1995-ல் சி.பி.ஐ. கைக்கு வழக்குப் போனது.

யாரிடம் போய்ப் புகார் கொடுக்க வேண்டுமோ அந்தச் சட்டைக்காரர்களே ஏரிக்கரைக்கு இழுத்துப் போனவர்கள். அந்தச் சேதி மலைப்பாதைகளில் காதோடு காதாக இறங்கிவந்த காலத்தில்தான் நாங்கள் விடுதியில் இருந்தோம். மகளின் டி.சி.யை வாங்கின மனிதர் ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறியதைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்த போலீஸ் அதுதான்.

அதே 1992-ல், செப்டம்பரில், ராஜஸ்தானில் பன்வாரி தேவி கும்பலாக வன்புணர்ச்சி செய்யப்பட்டார். குயவர் சாதியைச் சேர்ந்த கிராமப் பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்குக் கிடைத்த தண்டனை. 1995-ல் கீழ்நீதிமன்றம் வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து ஆதிக்க சாதிக்காரர்களை விடுவித்தது. அந்த வழக்கின் கோபத்திலிருந்து பிறந்ததுதான் உச்சநீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பு. இன்றைக்குக் கல்லூரிதோறும் இருக்கவேண்டிய புகார்க் குழுவுக்கு வேர் அங்கே. ஒடுக்கப்பட்ட சாதிக் கிராமத்துப் பெண் பட்ட பாட்டில் விளைந்த சட்டம் முதலில் நகரத்துக் கல்லூரிகளைப் போய்ச் சேர்ந்தது. கிராமத்து விடுதிக்கு வந்துசேர எத்தனை காலம் ஆகுமோ! பல இடங்களில் அந்தக் குழு அறிவிப்புப் பலகையில் நாலு பேரின் பெயராகத்தான் இருக்கிறது. பின்னால் ஒருத்தன் வருகிறான் என்று சொல்ல அந்த நாலு பேரை எங்கே தேடுவது என்று புள்ளைகளுக்குத் தெரியாது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சேரிப்பெண்ணின் பின்னால் வருகிறவனைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கின இதே மாவட்டம், சேரிப்பையன் ஒருத்தனை ஊர் முழுக்கத் தெரியும்படி நிறுத்தியது. நத்தம் காலனி இளவரசனும் வன்னியர் சாதியைச் சேர்ந்த ஒரு நர்சிங் மாணவியும் விரும்பி 2012 அக்டோபரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். போலீஸ் அதிகாரிகளிடம் போய்ப் பாதுகாப்பும் கேட்டார்கள். பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பஞ்சாயத்து நடந்தது. நவம்பர் 7-ஆம் தேதி பெண்ணின் தகப்பனார் தூக்கில் இறந்துபோனார். அன்றைக்கே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளுக்குள் கும்பல் புகுந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. பீரோவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு பள்ளிச் சான்றிதழைத் தீயில் போட்டார்கள். சான்றிதழை எரிக்கிறவனுக்கு எதன்மேல் கோபம் என்று விளக்கவேண்டியதில்லை.

அந்தக் காலத்தில்தான் 'நாடகக் காதல்' என்ற சொல் மேடைக்கு மேடை ஏறியது. தலித் பையன்கள் ஜீன்ஸ் பேண்டும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். பெண்களின் பாதுகாப்பு என்பதுதான் அந்தப் பேச்சுக்குப் போர்த்திய துணி. மேஜரான ஒரு பெண் தானாக விரும்பிப் போனதைப் பின்தொடர்தல் என்றார்கள். எங்கள் பெண்களை உண்மையாகவே பின்தொடர்ந்தவர்களைப் பற்றி அந்த மேடைகளில் ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு இடத்திலும் பெண்ணின் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு மதிப்பில்லை. ஒருத்தி 'வேண்டாம்' என்று சொன்னாள், காதில் விழவில்லை. இன்னொருத்தி 'வேணும்' என்று சொன்னாள், அதுவும் விழவில்லை. 2013 ஜூலை 4-ஆம் தேதி, தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்பக்கம் ரயில் தண்டவாளத்து ஓரத்தில் இளவரசன் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்பது அரசுத் தரப்பின் முடிவு. எங்கள் சனங்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

டெல்லி சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் பின்தொடர்தலுக்கென்று தனிச் சட்டப்பிரிவு வந்தது, 354 டி. முதல் தடவைக்கு மூன்று வருசம் வரைக்கும் தண்டனை. 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தில் 78-ஆம் பிரிவு. சிறார்களுக்கான போக்சோ சட்டமோ அதற்கும் முன்னாலேயே, நத்தம் எரிந்து ஒரு வாரத்தில், 2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்துவிட்டது. புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்கும் தண்டனை என்று எழுதியாகிவிட்டது. ஆக, காகிதத்தில் இனி ஒன்றும் பாக்கி இல்லை.

2018 தீபாவளி. கோட்டப்பட்டி காவல் நிலைய எல்லையில் ஒரு மலைக்கிராமம். வெளியூரில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படித்த 17 வயதுப் பழங்குடி மாணவி பண்டிகை லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் கக்கூஸ் கிடையாது. நவம்பர் 5-ஆம் தேதி ஒதுங்கப் போன இடத்தில் இரண்டு பேர் அவளைத் தூக்கிப்போய்ச் சிதைத்தார்கள். பெற்றவர்கள் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அங்கே காகிதத்தில் எழுதப்பட்டது வன்புணர்ச்சி அல்ல, வன்புணர்ச்சி முயற்சி. 'முயற்சி' என்ற ஒரு சொல்லைக் கூடுதலாகப் போட்டால் போதும், மருத்துவப் பரிசோதனைக்கு அவசரமில்லை, ஆளைப் பிடிக்கவும் அவசரமில்லை. புள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய நேரத்தில் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். உடம்பு மோசமான பிறகு தருமபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நவம்பர் 10-ஆம் தேதி செத்துப்போனாள். சனம் ரோட்டை மறித்து உட்கார்ந்த பிறகுதான் அதிகாரிகள் மலையேறி வந்தார்கள்.

சரிகா ஷா இறந்ததும் ஒரு சட்டம் வந்தது. இந்தப் புள்ளை இறந்ததும் ஒரு இன்ஸ்பெக்டர் மாற்றப்பட்டார்.

அவள் இறந்து ஒன்பதாவது நாள், நவம்பர் 19-ல், இந்த மாவட்டத்தோடு சம்பந்தப்பட்ட இன்னொரு சேதி வந்தது. 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சுற்றுலாப் பஸ்ஸைக் கட்சிக்காரர்கள் கொளுத்தியதில் மூன்று மாணவிகள் கருகிச் செத்தார்களே, அந்த வழக்கின் ஆயுள் கைதிகள் மூன்று பேரும் விடுதலை. இரண்டையும் சேர்த்து எழுதிய பத்திரிகை எதையும் நான் பார்க்கவில்லை.

வாச்சாத்தி வழக்கில் 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். 2023-ல் அதே செப்டம்பர் 29-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம், அதில் பாதியை வன்புணர்ச்சிக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் நீதிபதி வேல்முருகன் சொன்னார். 13 வயதில் ஏரிக்கரைக்கு இழுக்கப்பட்டவளுக்கு அப்போது 44 வயது. முப்பத்தோரு வருசம் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினார்கள் அந்தப் பெண்கள். பஸ்ஸுக்குக் கூலிக்காசு, நாள் தவறினால் வேலை போச்சு. சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் புகார் கொடுப்பது எப்படி என்று யாராவது கற்றுக்கொடுத்தார்கள் என்றால் அவர்கள்தான். சட்டக் கல்லூரியில் இதைப் பாடமாக வைக்கலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் அமலான திருத்தம் ஒன்று இருக்கிறது. நான்காவது பிரிவு. வாய்மொழியாகச் சொன்ன புகாரைப் போலீஸ் எழுதினால், கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அதைப் புகார்தாரருக்குப் படித்துக்காட்ட வேண்டும்; நகல் கொடுக்க வேண்டும்; செய்யாவிட்டால் அது குற்றம். பெரிய கோட்பாடு ஒன்றுமில்லை. ஆனால் அந்த 'முயற்சி' என்ற சொல் நுழைகிற இடத்தில் வைத்த பூட்டு இது. பெண்களோடு ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போகும்போதெல்லாம் நான் சொல்வது இதை மட்டும்தான்: ரேகை வைக்காதே, கையெழுத்துப் போடாதே, முதலில் படிக்கச் சொல்.

போன வருசம் பதினோராவது படிக்கிற ஒரு பிள்ளையோடு போனேன். அவளும் அவள் அம்மாவும் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

'படிச்சுக் காட்டுங்க சார்.'

ஏட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். 'ஏம்மா, நம்பிக்கை இல்லியா?'

'படிங்க சார், கேட்டுக்கறம்.'

படித்தார். 'மேற்படி நபர் கேலி கிண்டல் செய்ததாகவும்' என்று இருந்தது. அந்தப் பிள்ளை சொன்னது, ரெண்டு மாசமாகப் பின்னால் வருகிறான், செவ்வாய்க்கிழமை கையைப் பிடித்து முறுக்கினான், சாதியைச் சொல்லித் திட்டினான் என்று. அவளே எழுந்து நின்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னாள். வேறு பேப்பர் எடுத்துத் திருத்தி எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. மூன்று பேரும் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் அவள் அப்படியே பள்ளிக்கூடம் போனாள்.