ஓசையின்மைக்குத் தந்த விலை: ரோல்ஸ்-ராய்ஸ் ஃபேண்டம் 3 எஞ்சினின் டேப்பட்டுகள்

1936 முதல் 1939 வரை உருவான ரோல்ஸ்-ராய்ஸ் ஃபேண்டம் 3, ஹென்றி ராய்ஸ் கடைசியாக ஈடுபட்ட வடிவமைப்பு. 1933 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெற்றிருக்கவில்லை. இவ்வண்டியைப் பற்றி எழுதுவோர் மகாராஜாக்களையும் மேனியழகையும் பேசி நிறுத்திவிடுகின்றனர். வால்வு மூடிகளைத் திறந்து பார்ப்பவர் சிலரே.

விமான எஞ்சின் அனுபவத்தின் சாயல் படிந்த 7.3 லிட்டர் வி12 எஞ்சின் அது. எடையைக் குறைக்க அதன் உடலும் தலையும் அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டன. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அலுமினியம் சூட்டில் எஃகைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரியும். எனவே கேம் தண்டிலிருந்து வால்வு வரை உள்ள எஃகு உறுப்புகளுக்கு இடையிலான இடைவெளி, எஞ்சின் சூடேறச் சூடேறப் பெருகும். ‘டிக் டிக்’ என்ற தட்டொலியும் உடன் எழும். ஓசையின்மையையே விற்ற ஒரு நிறுவனத்துக்கு அது பொறுக்கத்தக்க குறையன்று.

எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் டேப்பட் அமைப்பே அவர்கள் தேர்ந்த தீர்வு. 1930இல் வெளிவந்த காடிலாக் வி16 இதே கருத்தை முன்னரே கையாண்டிருந்தது. நிறுவனத்தின் வழக்கப்படி சோதனை வண்டிகள் பிரான்சின் ஷாட்டோரூவைத் தளமாகக் கொண்டு ஆயிரக்கணக்கான மைல் ஓட்டப்பட்டன. ஆனால் தேர்ந்த மெக்கானிக்குகளின் கண்காணிப்பில் ஓடும் வண்டி வேறு, வாடிக்கையாளரின் கொட்டகையில் நிற்கும் வண்டி வேறு. அக்கால எண்ணெயில் கசடைக் கரைத்துச் சுமக்கும் சேர்மங்கள் கிடையா. எண்ணெய் மாற்றுவதில் சற்றே அசட்டை காட்டினாலும் படியும் கசடு நுண்ணிய எண்ணெய் வழிகளை அடைத்தது. இடைவெளி நிரம்பாமல் தட்டொலி திரும்பியது. கேம் தண்டும் தேய்ந்தது.

1938இல் நிறுவனம் பின்வாங்கியது. கையால் இடைவெளி அமைக்கும் திடமான டேப்பட்டுகள் பொருத்தப்பட்டன. முன்னர் விற்ற வண்டிகள் பலவும் அவ்வாறே மாற்றப்பட்டன. மெக்கானிக் இனி 24 வால்வுகளையும் ஒவ்வொன்றாக அளந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. தொழில்நுட்ப வரலாறுகளில் இத்தகைய பின்வாங்கல்கள் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடுவது வருந்தத்தக்கது. பழுது வடிவமைப்பில் மட்டும் இல்லை. எண்ணெய் வேதியியல் இன்னும் அதற்கு ஈடாக வளர்ந்திருக்கவில்லை.

1959இல் சில்வர் கிளவுட் 2 வண்டிக்கென வந்த அலுமினிய வி8 எஞ்சினில் எண்ணெய் டேப்பட்டுகள் மீண்டும் இடம்பெற்றன. அதற்குள் கசடகற்றும் எண்ணெய் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது.