பிரெஞ்சு இந்தியாவின் செனட்டர் தேர்தல்

பிரெஞ்சு இந்தியாவின் சார்பில் பிரான்சின் மேலவையான செனட்டுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க 1876 முதல் நடைபெற்ற மறைமுகத் தேர்தல் இது. பிரான்சில் மூன்றாம் குடியரசு நிலைபெற்றபின் வந்த 1875 பிப்ரவரி 24 சட்டம், 300 உறுப்பினர் கொண்ட செனட்டை அமைத்து, மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன், பிரெஞ்சு இந்தியா ஆகிய நான்கு குடியேற்றங்களுக்கும் தலா ஓர் இடம் தந்தது. பதவிக்காலம் 9 ஆண்டு. வேட்பாளருக்கு 40 வயது நிறைந்திருக்க வேண்டும்.

கீழவை உறுப்பினரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர், செனட்டருக்கு அவ்வாறில்லை. பிரான்சில் நகராட்சிப் பிரதிநிதிகளுக்கும் வாக்கு இருக்க, இங்கே குடியேற்ற மன்றம், உள்ளூர் மன்றங்கள் ஆகியவற்றின் உறுப்பினர்களே வாக்களிக்கலாம் என்று அச்சட்டம் தனி விதி வகுத்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து இடங்களிலும் அந்தந்தத் தலைநகரிலேயே வாக்குப்பதிவு நடந்தது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் மாநிலச் சட்டமன்றங்களே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தன. 1913இல்தான் அது நேரடித் தேர்தலாக மாறியது.

பிரெஞ்சு இந்தியாவில் மன்ற உறுப்பினர்களே வாக்களித்ததால், மன்றங்களைக் கைப்பற்றியவர் கையிலேயே செனட்டர் பதவியும் இருந்தது. 1879இல் குடியேற்ற மன்றத்துக்குப் பதிலாகப் பொது மன்றம் உருவானது. 1884ஆம் ஆண்டு ஆணை வாக்காளர்களை ஐரோப்பியர், தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர், ஏனைய இந்தியர் என மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. எண்ணிக்கையில் மிகச் சிறியவர்களான ஐரோப்பியருக்கு மன்றத்தில் அளவுக்கு மீறிய இடங்கள் கிடைத்தன. பெரும்பான்மைத் தமிழரின் குரல் செனட்டர் தேர்வில் அந்த அளவுக்குச் சுருங்கியது.

தெபாசென் த ரிஷ்மோன் (1876–1882), ழாக் எப்ரார் (1882–1891), ழூல் கொதேன் (1891–1909) என அந்நூற்றாண்டில் தேர்வான மூவரும் பிரெஞ்சுக்காரர்களே. ஆயினும், புதுச்சேரியை ஒட்டி வடக்கே பிரிட்டிஷ் தென்னார்க்காட்டில் இருந்த பொம்மையார்பாளையத்து மக்களுக்கு இலண்டன் நாடாளுமன்றத்தில் இத்தகைய இடம்கூட இல்லை.

1940இல் மூன்றாம் குடியரசு வீழ்ந்தது. போருக்குப் பின் அமைந்த புதிய மேலவைக்கு 1947இல் விடுதலைப் போராட்ட வீரர் வ. சுப்பையா தேர்வானார். 1954 நவம்பர் 1இல் சந்திரநாகூர் தவிர ஏனைய நான்கு இடங்களின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் முழுமையடைந்தது. இன்று புதுச்சேரிச் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.