மிகைப் பளபளப்பும் உண்மைப் பூச்சும்: பழங்கார் சீரமைப்பில் ‘தொழிற்சாலைத் தரம்’ உருவான வரலாறு

1924ஆம் ஆண்டு அமெரிக்கக் கார் ஒன்றின் ரேடியேட்டர் சட்டம் குரோம் முலாமில் கண்ணைப் பறித்தால், பின்னாளில் யாரோ அதில் கைவைத்திருக்கிறார் என்று துணிந்து சொல்லலாம். குரோமிய முலாமைத் தொழிலுக்கு ஏற்றதாக்கிய காலின் ஃபிங்கின் ஆய்வுகள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1920களின் நடுவில்தான் நிறைவேறின. கார்களில் அது பரவ அந்தப் பத்தாண்டின் இறுதி ஆயிற்று. அதுவரை மின்னும் பாகம் என்றால் பெரும்பாலும் நிக்கல்; அதற்கும் முன்பு பித்தளை. ஃபோர்டு மாடல் டி காரின் பித்தளை ரேடியேட்டர் 1916 மாடலோடு நின்றுபோனது.

உலோகப் பூச்சு ஒரு காலக்குறி என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதைப் படிக்கத் தெரிந்தால் காரின் ஆண்டையும், பின்னால் நடந்த கைவரிசையையும் பிரித்தறியலாம். ஆனால் சீரமைப்பாளர்கள் இப்படிப் படிக்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான்.

நிக்கலிலேயே ஒரு நுட்பம் உண்டு. குரோம் நீலம் கலந்த வெண்மை. நிக்கல் லேசான மஞ்சள் சாயல் உடையது. குரோம் பூசும் பட்டறைகளும் முதலில் நிக்கலைப் பூசி, அதன் மேல் மெல்லிய தோலாகத்தான் குரோமை ஏற்றுகின்றன. ‘கடைசித் தொட்டியில் முக்காமல் நிறுத்திவிடுங்கள், பழைய நிக்கல் கிடைத்துவிடும்’ என்று சொல்வோர் உண்டு. அது பாதி உண்மைதான். தொட்டியிலிருந்து எடுக்கும்போதே மின்னும் நிக்கல் 1930களில் வந்தது. அதற்கு முந்தையது மங்கலாகப் படியும். பஃபிங் சக்கரத்தில் தேய்த்தால்தான் மெருகேறும். இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெரியும்.

உடல் வண்ணத்தின் வரலாறு பலரும் அறிந்ததே என்பதால் விரைந்து கடக்கலாம். ஃபோர்டு 1914 முதல் 1925 வரை மாடல் டி காரைக் கறுப்பில் மட்டுமே விற்றது. டூபாண்டின் டூக்கோ நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், 1923இல் அறிமுகமான ஓக்லாண்ட் கார்களின் நீலத்தில் முதலில் வெளிவந்தது. வாரக்கணக்கில் இழுத்த வண்ணவேலை மணிக்கணக்கில் முடிந்தது. 1950களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லாக்கருக்கு மாறியது. இன்றைய இரட்டை அடுக்குத் தெளிபூச்சின் ஆழமான பளபளப்பு இவற்றில் எதற்கும் கிடையாது. பழைய காருக்கு அதை அடித்துவிட்டு ‘புத்தம் புதுசு மாதிரி’ என்று பெருமைப்படுவோர், புதிதாக இருந்தபோது அந்தக் கார் எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உண்மையில் வளமான சான்றுகள் கிடைப்பது பானெட்டின் அடியில்தான். போல்ட், கிளிப், அடைப்புத் தட்டு போன்றவற்றுக்குத் தொழிற்சாலை பயன்படுத்தியவை பெரும்பாலும் நான்கு வகை: எண்ணெயில் தோய்த்த கருஞ்சாம்பல் பாஸ்பேட், வெள்ளி நிறக் கேட்மியம், துத்தநாகம், இவ்விரண்டின் மேலும் டைக்ரோமேட் கரைசலில் முக்கிப் பெறும் பொன்மஞ்சள். தொழில்ரீதியான பாஸ்பேட் முறையின் தொடக்கம் 1906இல் இங்கிலாந்தில் காஸ்லெட் பெற்ற காப்புரிமை. துத்தநாகத்துக்கான டைக்ரோமேட் முக்கலை நியூ ஜெர்சி சிங்க் நிறுவனம் 1930களில் உருவாக்கியது. 1960களின் அமெரிக்க விளையாட்டுக் காரான கொர்வெட்டில் பிரேக் பூஸ்டர் பொன்மஞ்சளாக, புறாக் கழுத்துப்போலப் பச்சையும் சிவப்பும் ஓடி மின்னும். அதன் முன்னால் பொருத்திய மாஸ்டர் சிலிண்டரோ பூச்சே இல்லாத வார்ப்பிரும்பு. அதற்கு வெள்ளி பெயிண்ட் அடிப்பவர் காரை அழகாக்குகிறார், சான்றை அழித்துவிடுகிறார்.

அந்தச் சான்றைத் தேடும் இடமும் குறிப்பானது. காற்றும் வெப்பமும் படாத மறைவிடங்களில், அதாவது கிளிப்புக்கு அடியில், வாஷர் அழுத்திய வட்டத்துக்குள், பழைய பூச்சு சில மில்லிமீட்டர் அளவாவது மிஞ்சியிருக்கும். ஆகவே கழற்றியவுடன் மணல்வீச்சுக்கு அனுப்புவது ஆய்வாளர் கண்ணில் பெருங்குற்றம். ஒவ்வொரு பாகமாக எடுத்துப் படம்பிடித்த பின்பே சுத்தம் செய்ய வேண்டும்.

இந்தக் கவனம் எப்போது வந்தது? 1950இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் தொடங்கிய கார் அழகுப்போட்டி, நெடுங்காலம் மெருகுக்கே பரிசளித்தது. குரோம் இல்லாத பாகத்துக்குக் குரோம் பூசுவதும், சேசிஸைக் கண்ணாடியாக்குவதும் அக்காலப் பெருமிதங்கள். மாற்றத்தின் முக்கியக் களம் கொர்வெட்தான். 1973இல் இல்லினாய்ஸின் புளூமிங்டனில் தொடங்கிய கொர்வெட் சந்தையிலிருந்து புளூமிங்டன் கோல்டு சான்றிதழ் வளர்ந்தது. 1974இல் தேசியக் கொர்வெட் சீரமைப்பாளர் சங்கம் உருவானது. அதன் உயர் விருதுகளில் ஒன்றான ‘டாப் ஃபிளைட்’ பெற 94 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். தொழிற்சாலை வெளிவிட்டபடி இருப்பதே அளவுகோல், மிகையான மெருகு குறையாகவே எண்ணப்படும்.

இங்கே ஒரு வேடிக்கையும் பிறந்தது. இஞ்சினுக்கு ஆரஞ்சு வண்ணம் தெளிக்கும்போது பக்கத்துப் பாகங்களில் சிந்திய தூற்றல், தொழிற்சாலைப் பரிசோதகர் சாக்குக்கட்டியால் கிறுக்கிய அடையாளம் என, அவசரத்தில் நடந்த அலட்சியங்களையெல்லாம் இப்போது சீரமைப்பாளர்கள் அரும்பாடுபட்டு மீண்டும் வரைகிறார்கள். எனக்கு இது சற்று மிகையாகவே படுகிறது. பூச்சு காரின் செய்முறையைக் காட்டுகிறது. போலியாகச் சிந்திய வண்ணம் சீரமைத்தவரின் திறமையை மட்டுமே காட்டும். 2001இல் பெபிள் பீச்சே சீரமைக்காத கார்களுக்குத் தனிப் பிரிவு வைத்தது இத்தகைய மிகை மீதான சலிப்பின் விளைவு என்று கருத இடமுண்டு.

கேட்மியம் மட்டும் தீராத சிக்கல். அது நச்சு, முலாம் தொட்டியில் சயனைடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டுக் கழிவு வாகன ஆணை, 2003 ஜூலை முதல் புதிய வாகனங்களில் கேட்மியத்தையும், டைக்ரோமேட் முக்கலில் உள்ள ஆறிணைதிறன் குரோமியத்தையும் கட்டுப்படுத்தியது. சிறு பட்டறைகள் தொட்டிகளை மூடின. விமானத் தொழிலுக்குப் பூசுவோர் தொடர்கிறார்கள். ஆகவே பலரும் துத்தநாகம் பூசி, சற்றே மங்கவைத்து, கேட்மியமாகத் தோன்றச் செய்கிறார்கள். நடுவர் கண்ணால் பார்த்தே மதிப்பிடுவதால் அது தேறிவிடுகிறது.