கரை காணாத கப்பலில் கலந்த உள்ளங்கள்

பயணம் குறித்த வேளையில் முடிதல் வேண்டும் என்றே யாவரும் விரும்புவர். இரயில்வேயில் பணி புரியும் என் போன்றோர்க்கோ தாமதம் என்பது ஏட்டில் எழுதிக் காரணம் காட்டவேண்டிய குற்றம். ஆயினும் சரித்திரத்தை உற்று நோக்குங்கால், சில தாமதங்கள் மாந்தரை ஒருவரோடொருவர் பிணைத்திருக்கக் காண்கிறோம். 1896ஆம் ஆண்டில் காந்தியடிகள் மேற்கொண்ட பயணங்கள் அத்தகையன. தமிழர்க்கும் அவற்றில் பங்குண்டு.

அந்நாளில் அவர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் வழக்கறிஞராக இருந்தார். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்தவருள் சென்னை மாகாணத்தவர் மிகப் பலர். 1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எஜமானன் அடித்ததால் பல் உடைந்து, இரத்தம் ஒழுக அவரிடம் வந்து நின்றார். அவருக்கு வேறு எஜமானரைத் தேடித் தந்த பின்னர், ஏழைத் தமிழர் பலர் அடிகளை நாடி வரலாயினர். 1896இல் 'பொங்கோலா' என்னும் கப்பலில் தாயகம் திரும்பியபோது, கப்பல் மருத்துவர் அளித்த தமிழ்ப் பாடநூல் ஒன்றைக் கொண்டு அவர் நம் மொழியைக் கற்க முயன்றார்.

கல்கத்தாவில் இறங்கிப் பம்பாய்க்கு இரயிலேறினார். அலகாபாத்தில் வண்டி 45 நிமிடம் நிற்கும். அதற்குள் ஊரைப் பார்த்து, மருந்தும் வாங்கி வரச் சென்றார். மருந்துக் கடைக்காரரோ அரைத் தூக்கத்தில் இருந்தார். நிலைய அதிகாரி இவருக்காக ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தார். வரக் காணாமையால் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வண்டியை அனுப்பினார். மறு வண்டிக்குக் காத்திருந்த பொழுதில் காந்தியடிகள் 'பயனீர்' பத்திரிகையின் ஆசிரியர் செஸ்னியைக் கண்டு பேசினார். செஸ்னி பொறுமையாய்க் கேட்டு, அடிகள் எழுதுவதைப் பத்திரிகையில் கவனிப்பதாக வாக்களித்தார்.

அச்சந்திப்பே பின்விளைவுகளுக்கெல்லாம் வித்தாயிற்று. ராஜகோட்டில் அவர் பச்சை அட்டையிட்ட ஒரு சிறு நூல் எழுதி 10,000 படிகள் அச்சிட்டார். அதனைப் பற்றி முதலில் தலையங்கம் தீட்டியது 'பயனீர்' தான். அதன் சுருக்கம் தந்தி வழியே இலண்டன் சென்றது. சுருக்கத்தின் சுருக்கம் மூன்று வரிகளாய் நேட்டாலை எட்டியது. மூன்று வரிகளில் உண்மை திரிந்து போயிற்று. அங்கிருந்த வெள்ளையர் கொதித்தெழுந்தனர். அக்டோபரில் சென்னைக் கூட்டத்திலோ, பாலசுந்தரத்தின் கதையறிந்த மக்கள் பேரார்வத்துடன் அடிகளை வரவேற்றனர்.

அவ்வாண்டின் இறுதியில் குடும்பத்தாருடன் பம்பாயில் 'கூர்லாண்ட்' கப்பல் ஏறினார். 'நாதேரி' என்னும் கப்பலும் உடன் புறப்பட்டது. இரண்டிலும் ஏறத்தாழ 800 பேர். நேட்டால் கரைக்கு நான்கு நாள் பயணமே எஞ்சியிருக்கையில் கடும்புயல் எழுந்தது. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் வேற்றுமை மறந்து ஒரே கடவுளை வேண்டினர். கடல் நோய் அறியாத காந்தியடிகள் பயணிகளிடையே சென்று தேற்றினார். மணிக்கு மணி காப்டன் கூறியதைக் கொண்டுவந்து உரைத்தார். ஒருநாள் முழுதும் அலைக்கழித்து ஓய்ந்தது புயல். ஓய்ந்தவுடன் கடவுள் நாமமும் பலர் நாவினின்று மறைந்தது! ஆயினும் அப்போது முளைத்த நட்பு மறையவில்லை.

டிசம்பர் 18ஆம் நாள் வாக்கில் டர்பனை அடைந்தும் இறங்க உத்தரவில்லை. பம்பாயில் பிளேக் நோய் பரவியிருந்ததால் முதலில் ஐந்து நாள் தடை விதித்தனர். பின்னர் அது நீண்டுகொண்டே சென்றது. நோய் வெளிக்காரணம், இந்தியரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்ற கிளர்ச்சியே உட்காரணம். கப்பல்களைத் திருப்பினால் நஷ்டம் ஈடு செய்வதாகத் தாதா அப்துல்லா கம்பெனிக்கு ஆசை காட்டினர், கம்பெனியார் இணங்கவில்லை. உயிர் பிழைக்க வேண்டின் திரும்புக எனப் பயணிகளையும் அச்சுறுத்தினர். காந்தியடிகள் விளையாட்டுகள் ஏற்படுத்தி அவர்களது மனச்சோர்வைப் போக்கினார். இறங்குவது எங்கள் உரிமை என்று பயணிகளும் உறுதியாய் விடை பகர்ந்தனர்.

1897 ஜனவரி 13 அன்று அனைவரும் கரையேறினர். வழியில் ஒரு கூட்டம் காந்தியடிகளைத் தாக்கியது. போலீஸ் தலைவர் அலெக்சாண்டரின் மனைவியார் தம் குடையை விரித்து இடைநின்று காத்தார். தாக்கியோர்மீது வழக்குத் தொடர அடிகள் மறுத்துவிட்டார்.

அன்பர்களே! புயல் உண்டாக்கிய ஒற்றுமைக்கு ஆயுள் ஒரு நாள். ஆபத்து அஞ்சியோரை ஒன்றாக்கிற்று. துறைமுகத்திற்கு வெளியே கழிந்த மூன்று வாரத்திற்கும் மேற்பட்ட காத்திருப்போ அந்த ஒற்றுமையை நாள்தோறும் சோதித்தது. கரை கண்ணெதிரே தெரிந்தும் ஒருவரையொருவர் கைவிடாமையே அதன் பெருமை.

லிங்கராஜபுரத்தில் வாழும் நாமும் வெவ்வேறு ஊர்களினின்று பிழைப்பை நாடி வந்து, கன்னட மண்ணில் அண்டை வீட்டாராய் அமைந்தவர்கள். துன்பம் வந்த நாளில் நம்மவர் கூடத் தவறுவதில்லை. துன்பம் தீர்ந்த மறுநாளும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிப்போமாயின், நம் சங்கம் ஆண்டு விழாவோடு முடியாது, ஆண்டு முழுதும் வாழும்.